பெயர் நீக்கிய பயணங்கள்

ஆய்வகத்தில் அவளைப் ‘பூட்டு’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிளம்பும்போது கதவை இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கியவள் மறுபடி ஏறிவந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலையும் சுபாவத்துக்கு ஏற்றதுதான். ஒருவர் தான் யார் என்பதைக் கணினியிடம் எவ்வளவு காட்டலாம், மறைத்தது உண்மையிலேயே மறைந்ததா என்று தோண்டிப் பார்ப்பது. பெரும்பாலும் மறைந்திருக்காது. அதைக் கண்டுபிடிப்பதில் அவள் கில்லாடி.

முப்பத்தெட்டு வயதில் அவள் கைக்கு ஒரு வருடத்துப் பேருந்துப் பயணப் பதிவுகள் வந்தன. நான்கு லட்சம் அட்டைகள். எந்த அட்டை எத்தனை மணிக்கு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று எல்லாம் இருந்தது. பெயர்களை மட்டும் போக்குவரத்து அலுவலகம் நீக்கியிருந்தது. இனி யார் எவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று அவர்கள் சத்தியம் செய்யாத குறை. நான்கு பயணங்கள் தெரிந்தால் போதும், யாரையும் பிடித்துவிடலாம் என்பது இவள் கட்சி. அதை நிரூபிக்கச் சம்மதம் தரும் எட்டுப் பேர் வேண்டும். ஏழு பேர் கிடைத்தார்கள். எட்டாவதாக அக்காவிடம் போனாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவள் அக்கா. படிவத்தை இரண்டு தடவை படித்தாள்.

“ஆள் கிடைச்சுதா இல்லையான்னு மட்டும்தானே பார்ப்ப?”

“ஆமாக்கா. அதுக்கு மேல பார்த்தா தப்பு.”

“அப்ப சரி.” கையெழுத்துப் போட்டு, நினைவில் இருந்த நான்கு பயணங்களையும் சொன்னாள்.

மூன்று பயணங்களைக் கொடுத்தபோது பதினேழு அட்டைகள் மிஞ்சின. நான்காவதைக் கொடுத்ததும் ஒன்றே ஒன்று. பூட்டு துள்ளிக் குதித்தாள். அத்தோடு மூடி வைத்திருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை.

பதிவுகளின் ஏழாவது மாதத்திலிருந்து அந்த அட்டை அலுவலக நிறுத்தத்தில் இறங்கவே இல்லை. தினமும் காலையில் நேராகக் கடைசி நிறுத்தம் வரை போய், சாயங்காலம் அங்கிருந்தே திரும்பியிருந்தது. வரைபடத்தில் தேடினாள். கடைசி நிறுத்தத்துக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி.

அக்காவுக்கு ஏதோ நோய் என்றே முடிவு கட்டிவிட்டாள். இரண்டு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். “உனக்கு என்னடி ஆச்சு?” என்று அக்கா எரிந்து விழுந்தாள். மாமாவிடம் கேட்கலாம், அவருக்கே தெரியாது என்றால்? கடைசியில் ஒரு காலை அதே பேருந்தில் ஏறிவிட்டாள். இரண்டு நிறுத்தம் மிச்சம் இருக்கும்போதுதான் உறைத்தது: யாரைப் பற்றி மாணவர்களை எச்சரிக்கிறோமோ அந்த ஆளாகவே ஆகிவிட்டோம். அங்கேயே இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தே திரும்பினாள். அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தப்பு பண்ணிட்டேன். உன் பயணத்தையெல்லாம் பார்த்துட்டேன். உடம்புக்கு என்னக்கா?”

“உடம்புக்கா? எனக்கா?”

“கடைசி ஸ்டாப்ல ஆஸ்பத்திரி இருக்கே...”

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “அதுக்குப் பின்னால பஸ் டிப்போ இருக்கு. உன் மேப்ல அது இல்லையா?”

அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த டிப்போவில் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். மூன்று நாளுக்கு முன் நடந்த தேர்வில் தோற்றுவிட்டாளாம். தங்கைக்குப் போன உயிர் திரும்பியது, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“சிரி. இதுக்குத்தான் வாயைத் திறக்கல. நாப்பத்தி நாலு வயசுல பஸ் ஓட்டப் போறேன்னா உங்க மாமாவும் இப்படித்தான் சிரிப்பாரு. பாஸானா சொல்லலாம், இல்லன்னா சத்தமில்லாம ஆபீஸுக்குப் போயிடலாம்னு இருந்தேன்.”

“நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்கா.”

“நீ சொல்றதும் சொல்லாததும் இல்லடி விஷயம். அதை நான்தான் சொல்லியிருக்கணும்.”

அதன்பின் நான்கு மாதம் அக்கா அவளோடு பேசவில்லை.

அக்கா வீட்டுக்குப் போன மறுநாளே அவள் ஆய்வகத்துப் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். “ரிசல்ட் சரியாத்தானே இருக்கு? யாருக்குத் தெரியப் போகுது, விடும்மா” என்றார் அவர். அவள் விடவில்லை. நெறிமுறைக் குழுவுக்குத் தானே எழுதிப் போட்டாள். அக்காவின் பதிவு நீக்கப்பட்டது. கட்டுரை ஒரு வருடம் தாமதமாக, ஏழு பேரோடு வந்தது. ஆய்வாளரே வாக்கை மீறினார் என்று அதில் ஒரு பத்தி. மற்ற பக்கங்களைப் புரட்டாதவர்கள்கூட அதைப் படித்திருந்தார்கள்.

கட்டுரை வருவதற்கு முன்பே, மறைத்ததை உடைத்துக் காட்டுவதில் அவளுக்கு ருசி போய்விட்டது. அட்டை செல்லுமா என்பது மட்டும் பேருந்து இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். யாருடையது, நேற்று எங்கே போனது என்பது தெரியவே கூடாது. அப்படி ஒன்றைக் கட்ட உட்கார்ந்தாள். காகிதத்தில் கணிதம் சரியாக வந்தது. ஆனால் ஓர் அட்டைக்கு நான்கு வினாடி பிடித்தது.

அந்த நான்கு மாதம் முடிந்த சமயத்தில்தான் அக்காவே கூப்பிட்டாள். மூன்றாவது முயற்சியில் தேறிவிட்டாளாம். பேச்சு மெல்ல மெஷினுக்கு வந்தது.

“நாலு செகண்டா? உன் மெஷின் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஜனம் என்னை உரிச்சுடும். அரை செகண்டுக்குக் கொண்டு வா, அப்புறம் பேசு.”

அரை வினாடிக்கு வர ஆறு வருடம் ஆனது. இன்று பதினொரு வழித்தடங்களில் அந்த இயந்திரம் ஓடுகிறது. மற்ற வழித்தடங்களில் பதிவுகள் இன்னும் சேர்கின்றன. இரண்டு வாரத்தில் அழித்துவிடுவதாக அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டதில் பாதிகூட இல்லை.

போன மாதம் வேறொன்று கண்ணில் பட்டது. சலுகைக் கட்டண அட்டைகளுக்கு மட்டும் அவள் இயந்திரத்தின் பச்சை விளக்கு இமைப்பொழுது தாமதமாக எரிகிறது. பொறுமையாகக் கவனிப்பவர் யார் சலுகையில் வருகிறார் என்று சொல்லிவிடலாம். யாரும் புகார் சொல்லவில்லை. அவளே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வாரமாக இயந்திரத்தின் நிரலுக்குத் திருத்தம் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.