நெல் மூட்டையில் வாசித்த பெரிய வெள்ளி

எனக்குச் சீராக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்ன மகன் ட்ரம்ஸ் வாசிப்பவன். கொழும்பு ரொக் இசைக்குழு ஒன்று அவனைச் சேர்க்கலாமா என்று அவன் வாசிப்பைக் கேட்டுப் பார்க்க, வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த நாள் பெரிய வெள்ளி, இயேசு மரித்த துக்க நாள்.

"கோயில் மணியே வாய் மூடிக் கிடக்கு. உன்ட தகரத்துக்கு என்னடா அவசரம்?" என்றார் அவன் அப்பா.

"பின்னேரம் போயிருவாங்கப்பா. இனி வரமாட்டாங்க."

அவர் அசையவில்லை. மகன் வாடிப்போய் நின்றான். பிறகு, கிரான் ஊர் வயலிலிருந்து வந்து கூடத்தில் கிடந்த நெல் மூட்டையில் குச்சிகளால் தட்டிக் குழுவினருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினான். தூரத்து மழைபோல் மெத்தென்ற சத்தம். அப்பாவின் கால்விரல் தாளம் போட்டது.

"இது மட்டும் பரவாயில்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"நெல்லுக்கு நோன்பு இல்லத்தானே" என்றார்.

அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மூட்டையையும் வேனில் ஏற்றினார்கள். பிறகு எத்தனையோ பேருடைய பாட்டுகளுக்கு வாசித்துவிட்டான். அந்தக் குழுவின் முதல் பாட்டுத் தொடக்கத்தில் எங்கள் மூட்டைதான் கேட்கிறது என்று நினைக்கிறேன். அவன் அப்பா இப்போது இல்லை, என் காதும் மந்தம். அது நெல்தானா என்று யாராவது கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.