அக்கா முதலில் தண்ணீர்தான் கேட்பார்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வயல் வேலைக்குப் போன அத்தனை பேருக்கும் தங்கையின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அச்சகத்துக்காரரிடம், எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சொன்ன சங்கதியைத் திருத்தாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது. யாருக்கு மனம் புண்படுமோ, யார் எழுந்து போய்விடுவார்களோ என்று இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால் அது அக்காவின் மலராக இருக்காது.

அக்கா பிறந்தது கோலார் தங்கச் சுரங்கத்து மாரிகுப்பத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். எங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். புத்த விகாரையில் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்ட குடும்பம் எங்களுடையது. அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அக்காவுக்குக் கல்யாணமாகி நாலே வருஷத்தில் அவர் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். மறுபடி கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்.

சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கொண்ட சமயம் அது. ஷாஃப்ட்டில் இறங்கும் வேலை பெண்களுக்குக் கிடையாது. வேலை கிடைக்காத வாலிபப் பிள்ளைகளும் லைனுக்கு லைன் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் சந்தையில் ஒரு நிலத்துக்காரர், வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். அக்கா பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே கொட்டகையில் தங்கி, எட்டு நாளில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து கடலைக்கு, ராகி அறுப்புக்கு, உருளைக்கிழங்குக்கு என்று ஊர் ஊராக ஆள் கேட்டு வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக அறுபது பேரைக்கூடக் கூட்டிப்போயிருக்கிறார்.

அதற்கு அக்காவுக்குக் கிடைத்த பெயர் ‘ஆள் பிடிக்கிறவள்’. சொன்னவர்கள் வெளியாட்கள் இல்லை, நம் சொந்தம்தான். ஒரு மாமா எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு அப்படிச் சொன்னார். அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுச் சொன்னது இது:

“ஆமா மாமா, புடிக்கறேன். புடிச்சிக்கினு போன ஆள எண்ணி, அதே எண்ணிக்கையில கூட்டியாந்து வுட்றேன். நீ ஒரு ஆளுக்காவது வேல வாங்கிக் குட்த்துக்கீறியா?”

மாமா மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரிலிருந்து ஆள் கேட்டு வந்தாலும் முதல் நாள் தனியாகப் போய் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். கூலிப் பேச்சு அப்புறம்தான். டம்ளரிலோ சொம்பிலோ கையில் கொடுத்து, குடித்ததும் கையாலேயே திரும்ப வாங்கிக்கொண்டால் அந்த ஊருக்கு ஆள் வரும். கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினால் குடிக்காமல் திரும்பிவிடுவார். எவ்வளவு கூலி ஏற்றிச் சொன்னாலும் ஆள் வராது. இதற்காகவே எத்தனையோ ஊர்களை வேண்டாம் என்றார். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வரும். ஒரு மடக்கு தண்ணீருக்காக இத்தனை பேர் பட்டினியா என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன்.

இனி நான் எழுதப் பயந்த சங்கதி.

ஒரு வருஷம் மழை ஏமாற்றி, இரண்டு மாதம் யாரும் ஆள் கேட்டு வரவில்லை. அப்புறம் கோலாருக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து கிழங்கு தோண்ட நாற்பது பேர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா காய்ச்சலில் கிடந்தார். என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். எனக்கு அப்போது இருபது வயது.

போனேன். நிலத்துக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். தண்ணீர் கேட்டேன். ஒரு அம்மாள் சொம்போடு வந்து, எட்ட நின்று, கையைக் குவி என்று சாடை காட்டினாள். நான் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் என் முகத்தையே பார்த்துக் காத்திருக்கப்போகிற நாற்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். குனிந்து கையை ஏந்திக் குடித்தேன். தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் புடவையெல்லாம் நனைந்தது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தபடியே அக்கா கேட்டார்: “எதுல குட்த்தாங்க?”

“டம்ளர்ல,” என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டும் விடாமலும் அக்காவே எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். காலையில் தோண்ட ஆரம்பித்தோம். உச்சி வெயிலில் தாகத்தோடு கிணற்றுப் பக்கம் போனவர்களைக் காவல்காரன் எட்ட நிறுத்தினான். அதே அம்மாள் சொம்போடு வந்தாள். நாற்பது பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா நேரே நிலத்துக்காரரிடம் போனார். பேச்செல்லாம் கன்னடத்தில். நான் நம் பேச்சில் எழுதுகிறேன். அவர், இது ஊர் வழக்கம், நான் உண்டாக்கியதில்லை, உன் தங்கையே அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுத்தானே போனாள் என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “இன்னாடி, குட்ச்சியா?”

ஆமாம் என்றேன்.

அக்கா மறுபடி நிலத்துக்காரர் பக்கம் திரும்பினார். அவரிடம் சொன்னார்: “அவ பசிக்கு பயந்து குட்ச்சா, அண்ணா. பயத்துல குட்ச்சதெல்லாம் வழக்கத்துல சேத்துக்காத.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாதியில் எழுந்து போனால் சுற்று வட்டாரத்தில் ஒரு ஊரிலும் உன் ஆட்களை வேலைக்குக் கூப்பிடவிடமாட்டேன் என்றார். அக்கா போகவில்லை. எங்களை வரப்பில் வரிசையாக உட்காரச் சொன்னார்.

“நாங்க எங்கயும் போவல. உன் கெழங்கு வெயில்ல கீது, நாங்க தாகத்துல கீறோம். எது மொதல்ல தாங்காதுன்னு பாக்கலாம்.”

தோண்டிப் போட்ட கிழங்கு வெயிலில் கிடந்தால் பச்சை ஏறிவிடும், சந்தையில் விலை போகாது. அது அவருக்கும் தெரியும். எங்களில் ஒரு பெரியவர், போனால் போகட்டும், குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போமே என்றார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. வேண்டுமென்கிறவர்கள் போய்க் கை ஏந்தலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெரியவர் எழுந்தார். நாலு எட்டு நடந்தார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சாய்ந்தபோது ஒரு புதுப் பானையும் அலுமினிய டம்ளரும் வந்தன. வரப்பில் வைத்துவிட்டு, இது உங்களுக்கு மட்டும், எடுத்துக் குடியுங்கள் என்றார் நிலத்துக்காரர். எனக்கு உயிர் வந்தது. அக்கா டம்ளரில் மொண்டு அவரிடமே நீட்டினார்.

“மொதல்ல நீ ஒரு வாய் குடி, அண்ணா.”

அவர் குடிக்கவில்லை. நாங்களும் தோண்டவில்லை. மண்வெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு நடந்தோம். வழியில் ஒரு ஏரி இருந்தது. நாற்பது பேரும் மண்டியிட்டு வயிறு முட்டக் குடித்தோம். அங்கேயும் கையால்தான் குடித்தோம். ஆனால் யாரும் மேலே நின்று ஊற்றவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அக்கா எப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். பங்காருப்பேட்டையில் மாரிகுப்பம் ரயில் வண்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அடுத்த தபாவும் நீயே போ.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்கப் போனவள் நான்தான், ஒவ்வொரு தடவையும். நிலத்துக்காரர் சொன்னபடியே செய்தார். அந்தப் பருவம் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் வேறு திக்கில் தேடிப் போனோம். அந்த வருஷம் மட்டும் நான் மூன்று ஊர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று தடவையும் எங்கள் வாசலில் காத்து நின்ற முகங்களைப் பார்த்து உடம்பு நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன்.

கடைசி மாதங்களில் அக்காவால் எழுந்து உட்கார முடியவில்லை. டம்ளரில் கொடுத்தால் புரையேறியது. கரண்டியால் வாயில் விட்டேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால் கரண்டியைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாடி, எனக்கே மேலேந்து ஊத்தறியா?” என்றார். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

மாற்றி மாற்றிக் கண்விழித்த பக்கத்து லைன் பெண்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த கம்பவுண்டர் ஐயாவுக்கும், பஞ்சசீலம் ஓதிய விகாரைப் பெரியவர்களுக்கும், ஷிப்ட் முடித்து மண்ணும் புழுதியுமாக ஓடி வந்து அக்காவைத் தோளில் சுமந்த தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் இன்று இருப்பவர்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். என் பொய்யை நீங்கள் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. அதற்குத் தனியாக நன்றி.

அக்காவை ஆள் பிடிக்கிறவள் என்றவர்களும் வந்திருக்கிறீர்கள். வாங்க, உட்காருங்க. ஆள் பிடித்தவர்தான் என் அக்கா. பிடித்த ஆள் ஒருவரையும் குனியவிடாதவர்.

வாசலில் பானை வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரே ஒரு டம்ளர்தான் இருக்கிறது, அக்காவுடையது. விகாரைப் பெரியவர், வெளியூர்ச் சம்பந்திகள், கன்னடத்து நண்பர்கள், நம் லைன்காரர்கள் யாராக இருந்தாலும் அதில் ஒரு வாய் குடித்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள். முடியாதவர்கள் மலரை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். டம்ளரைப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்பவள் நான். என் கை கொஞ்சம் நடுங்கும். அதைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். நான் நகர மாட்டேன்.