ஜெயம் அத்தையின் பேங்க் மெசேஜ்

எங்கள் தெருவில் ஜெயம் அத்தையின் போன் ‘டிங்’ என்றால் எதிர்வீட்டுக் குப்புராஜ் மாமாகூடத் தறியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்ப்பார். அத்தை தார் சுற்றுகிறவர். புடவையின் குறுக்கே ஓடும் பட்டுநூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் வேலை. ‘டிங்’ கேட்டால் ராட்டையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடிவருவார்.

“டேய் அரசு, ஜல்தி பாருடா. எடுத்தானா?”

பத்தாவதில் இங்கிலீஷ் என்னைக் கவிழ்த்துப் போட்டது உண்மைதான். ஆனால் ‘டெபிட்’ என்கிற வார்த்தையை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

“எடுத்திருக்கான் அத்த. நூத்தி எழுபத்தேழு ரூபா.”

“அது என்னாடா சில்லறையா?”

“ஓட்டல்ல கார்டு தேச்சிருப்பான்.”

“பிரியாணியா இருக்கும். சாப்டட்டும், சாப்டட்டும்.”

அன்றைக்கு அத்தை வீட்டில் எனக்கும் ஒரு முட்டை கூடுதலாகக் கிடைக்கும்.

வெற்றிச்செல்வன் அத்தையின் ஒரே பிள்ளை. அப்பா கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குப்புராஜ் மாமாவின் பைக்கைச் சொல்லாமல் எடுத்துப்போய், வந்தவாசி ரோட்டில் சறுக்கி விழுந்து, வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அத்தை தெருவே பார்க்க ஓர் அறை விட்டார். மறுநாள் காலையில் அவனும் இல்லை, ஏடிஎம் கார்டும் இல்லை. போனும் அணைந்துவிட்டது. ஸ்காலர்ஷிப்புக்காக அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்த அக்கவுண்ட் அது. நல்லவேளை, அதில் அத்தையின் நம்பர் இருந்தது.

கூலி வாங்கிய கையோடு அத்தை அதில் பணம் போடுவார். குப்புராஜ் மாமாவுக்கு அது பிடிக்காது.

“ஓடிப்போனவனுக்குப் பணம் போட்டுகினே இருந்தா எப்பம்மா வருவான்?”

“தார்ல நூல் கொறைஞ்சாதாண்ணா தறி ஓடுதுன்னு அர்த்தம். பணம் கொறையுது. எம்புள்ள எங்கியோ நல்லா இருக்கான். எனக்கு அது போதும்.”

ஆனால் போதவில்லை. எந்த ஊரில் எடுத்தான் என்று பேங்க்கில் கேட்டால் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதும் அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர் தெரிந்தால் பஸ் ஏறிவிடுவாராம். போனோம். சர்வர் டவுன் என்றார்கள். மறுபடி போனோம். சம்பந்தப்பட்ட சார் லீவு. அடுத்த முறை நான் முந்திக்கொண்டேன்: “சார், எங்க தெருவுல எல்லா தறிக்காரங்களும் இங்கியே டெபாசிட் போடலாம்னு இருக்காங்க. அதான் மொதல்ல இவங்கள அனுப்பிச்சாங்க.” நாற்காலி வந்தது. காபியும் வந்தது. சர்வரும் உயிர்பிழைத்து வந்தது.

தேவிப்ரியா என்ற புது ஆபீசர், கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

“இது மெசேஜ் அனுப்புற சார்ஜ். இது கார்டுக்கு வருஷ சார்ஜ். இதெல்லாம் மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு. இது இன்சூரன்ஸ்மா, நீங்க எடுத்தது.”

“நா எங்கம்மா எடுத்தேன்? பென்சில்ல இன்ட்டு போட்ட எடத்துலல்லாம் கையெழுத்து போடச் சொன்னாங்க. போட்டேன்.” அத்தை திரைக்குக் கிட்டே போனார். “அது கெடக்கட்டும். எம்புள்ள எடுத்தது எது?”

“கார்டு யூஸே ஆகலம்மா.”

மகனுக்கென்று போட்ட சோற்றையெல்லாம் பேங்க்கே தின்றிருந்தது. தின்றுவிட்டு, தின்றேன் என்று மெசேஜ் வேறு அனுப்பி, அதற்கும் காசு பிடித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் செக்யூரிட்டி வந்துவிட்டார். அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“பணத்த நீங்களே வெச்சிக்கங்கம்மா. ஒரு தபாகூடவா எடுக்கல? இன்னொரு வாட்டி நல்லா பாருங்க.”

தேவிப்ரியா மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இல்லையென்று தெரிந்தும் நிதானமாகத்தான் பார்த்தார். அப்புறம் இன்சூரன்ஸுக்குப் பிடித்த பணத்தைத் திருப்பித் தரச்சொல்லிப் புகார் எழுதிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இந்த அக்கவுண்ட்ட க்ளோஸ் பண்ணிடலாம்மா. சும்மா சும்மா பிடிக்க மாட்டாங்க.”

“வேணாம்மா. என்னிக்காவது கார்டப் போட்டுப் பாப்பான். ஒண்ணும் வரலன்னா, அம்மா மூடிட்டான்னு நெனைச்சிப்பான்.”

அதன்பிறகு போன் சத்தம் போட்டாலும் என்னிடம் ஓடிவரவில்லை. வேலை முடிந்ததும் நடந்து வந்து நீட்டுவார். நானும் பிரியாணி, ஓட்டல் என்று எதையும் சேர்க்காமல், பேங்க் பிடித்தால் பேங்க் பிடித்தது என்று படித்தேன்.

போன வாரம் வந்தது வேறு மாதிரி மெசேஜ்.

“அத்த, இன்சூரன்ஸ் பணம் திரும்பி வந்துட்ச்சு! முழுசா!”

தெருவுக்கே பெருமை தாங்கவில்லை. “பேங்க்காரங்கிட்டியே திருப்பி வாங்கிட்டியேம்மா! ஸ்வீட்டு எங்க?” என்று கத்தினார் குப்புராஜ் மாமா. அத்தை சிரித்தார். ஜாங்கிரி வாங்கிவரச் சொல்லி என்னிடம் நூறு ரூபாய் கொடுத்தார். நான் செருப்பை மாட்டும்போது பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

“இப்போ நெறைய இருக்குதில்ல? அவன் வந்து கார்டப் போட்டா, மிஷின் இல்லன்னு சொல்லாதில்ல?”

“சொல்லாது அத்த.”