ரொம்பப் பாடாம்

எழுபதுகளின் கடைசியில் சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. டாக்டர் வாரம் ஒருநாள் சேலத்திலிருந்து வருவார். மற்ற ஆறு நாளும் டாக்டரும் நான்தான், கம்பவுண்டரும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான். பக்கத்திலேயே ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் எதிரே தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகள்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பெரிய தண்டனை. என் குரலைக் கேட்கவே மருந்துப் பாட்டில்களின் பெயர்களை உரக்கப் படித்த நாட்கள் உண்டு.

எனக்கிருந்த ஒரே துணை தம்பியின் கடிதங்கள். கடலூருக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவக் குப்பம் எங்களுடையது. அவன் எழுத உட்கார்ந்தால் ஒரு இன்லேண்டு லெட்டரில் ஊரையே மடித்து அனுப்பிவிடுவான். எதிர்வீட்டுச் சித்தப்பா வலையில் ஆமை மாட்டியதும், அதற்குக் குங்குமம் வைத்துத் திரும்பக் கடலில் விட்டதும், ஐஸ் கம்பெனிக்குப் போன் வந்ததும், அது மணியடிப்பதைக் கேட்க ஊர்ச்சனம் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்றதும் எல்லாம் வரும். ஆனால் கடைசி வரி எப்போதும் பாடு பற்றித்தான். எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் விழும் மீன். நல்ல பாடு என்றால் அன்றைக்கு ஊரே சிரிக்கும். பாடு இல்லை என்றால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும்.

அந்த வருஷம் மாசி முழுக்க "பாடு இல்லை" என்றே கடிதம் வந்தது. அப்பா புது வலை வாங்கியிருந்தார். இதிலும் விழவில்லையென்றால் கடலுக்குப் போவதையே விட்டுவிடுகிறேன் என்று சொன்னாராம். கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த கடிதம் எப்போது வரும் என்று தபால்காரரைப் பிடுங்கி எடுத்தேன்.

பங்குனியில் ஒருநாள் காலை, காப்பிச்செடியெல்லாம் பூத்து மலையே வெள்ளையாகக் கிடந்தபோது, ஆபீசிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அனுப்பியவர் ரைட்டர், வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பேர் போடுகிறவர், ஐம்பதைத் தாண்டிய சாது. எஸ்டேட்டின் ஒரே போன் அவர் மேஜையில்தான் இருந்தது. சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தார்: "ஊரிலிருந்து தம்பி போன் செய்தார். அப்பாவுக்கு ரொம்பப் பாடாம். லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. போன் போட்டுச் சொல்கிற அளவுக்குப் பாடு! மீன் விழுந்ததற்கெல்லாம் லீவு கொடுக்கிறார்களே, நல்ல எஸ்டேட்தான் என்று தனியாகச் சிரித்தேன். ரவையை வறுத்து, இருந்த நெய்யையெல்லாம் ஊற்றிக் கேசரி கிண்டினேன். தட்டில் எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போனேன். வந்து ஒன்றரை வருஷத்தில் யாரும் கூப்பிடாமல் நானாக அங்கே போனது அன்றுதான்.

வாசலில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

"ஏனுங்க நர்சம்மா, அப்பா சேதி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. அதுக்குத்தான் இது. எடுத்துக்குங்க."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் என் கையைப் பிடித்து, "மனசத் தைரியமா வெச்சுக்க கண்ணு" என்றாள். ஒரு வாய் கேசரிக்கு இவ்வளவு பெரிய ஆசீர்வாதமா என்று நினைத்தபடி திரும்பினேன்.

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் பாடு என்றால் கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "படாத பாடு" என்று நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது வந்தபோது மீனைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு எழுத்தையே மறைத்துவிட்டது.

மூன்றாம் நாள் ரைட்டரே மூச்சிரைக்க வந்தார். "மறுபடி போன் வந்துச்சுங்க. கெளம்புங்க. அடிவாரம் வரைக்கும் ஜீப்புல கொண்டுபோய் உடச் சொல்லிருக்கேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சீட்டை நான் படித்தேன் என்று சொல்லவேண்டும். சேலத்தில் பஸ் மாறி, கடலூரில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அம்மா அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்: "அன்னைக்கே போன் போட்டோமேடி, ஏன் வரல?"

கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? "சேதி வரலம்மா" என்றேன்.

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. "நெஞ்சு வலி, உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காருன்னு அந்த ரைட்டருகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அக்கா! சரிங்க சரிங்கன்னானே!" அம்மா மண்ணை வாரித் தூற்றி, "அவன் குடும்பம் வெளங்குமா" என்றாள். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

காரியம் முடிந்து நான் மலைக்குத் திரும்பியதும் ரைட்டர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் நேர்ல வந்து சொல்லிருக்கோணுங்க. கெட்ட சேதிய எழுத்துல வெச்சா அது பலிச்சுப்போகும்னு எங்க பக்கம் எழுத மாட்டாங்க. அதான் மேலோட்டமா எழுதி உட்டேன்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நீங்க கேசரி குடுத்ததுக்கு லைன்ல ஒரு மாதிரி பேசுனாங்க. சீக்காளி பேர்ல இனிப்புக் குடுத்தா நோவு எறங்கும், அது கடக்கரை வழக்கம்னு நாந்தானுங்க சொல்லி வெச்சேன். உங்களை யாரும் தப்பா நெனைக்கக் கூடாதுங்கல்ல."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் கரையில் கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்கள் சீட்டை நான் தப்பாகப் படித்தேன் என்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் அழுதேன். இதை மனம்விட்டுச் சொல்ல ஊரிலும் எனக்கு ஆளில்லை, மலையிலும் ஆளில்லை.

ஊருக்காவது ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், அவர்மேல் பிழையில்லை என்று. இன்லேண்டு லெட்டர் கையில்தான் இருந்தது. எழுதவில்லை. அம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். ஒவ்வொரு திதிக்கும் இலை போட்டதும், முகம்கூடத் தெரியாத அந்த மனிதரை வாயாரச் சபித்துவிட்டுத்தான் அப்பாவுக்குச் சோறு வைப்பாள். நான் பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றுவேன்.