தவில் விழ இருபத்திரண்டு செக்கன்

படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் மொன்றியல் தமிழரின் போன்களில் என் கை படாதது குறைவு என்று துணிந்து எழுதுவேன். எம்.பி.3 பாட்டை ஐபோன் ரிங்டோனாக மாற்றத் தெரியாமல் எஞ்சினியர்மார் என் போன் திருத்தும் கடைக் கதிரையில் காத்திருந்திருக்கிறார்கள். பாட்டில் முப்பது செக்கனை வெட்ட வேண்டும், எம்.4.ஏ. ஆக மாற்ற வேண்டும், கோப்பின் வாலை எம்.4.ஆர். என்று திருத்தி, கேபிள் போட்டு ஏற்ற வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிழை விட்டு விட்டே பிடித்தேன். அப்படிப்பட்ட நான்தான் ராசனின் வேலைக்கு உலை வைத்தேன்.

ராசன் சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் விமானப் பாகங்களுக்கு ரிவெட் ஆணி அடித்தவர். அந்தச் சத்தம் அவருடைய காதைத் தின்றுவிட்டது. ஆள் கதைத்தால் கேட்கும், போனின் கீச்சு மணி கேட்காது. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபின், ஒரு முதியோர் இல்லச் சமையலறையின் கூப்பிடு பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார். ஆள் வராத காலைகளில் அங்குள்ள பொறுப்பாளர் வரிசைப்படி போன் அடிப்பார். எடுக்காவிட்டால் அடுத்த பெயர். மூன்று தரம் எடுக்காவிட்டால் பெயரையே வெட்டிவிடுவார்கள். ராசன் இரண்டு தரம் தவறவிட்டிருந்தார்.

“தவில் எண்டால் அடுத்த அறைக்கை கிடந்தாலும் எனக்குக் கேக்கும் அண்ணை. அதைப் போட்டுத் தாங்கோ” என்றார். கோயில் திருவிழாவில் தானே பதிந்த வாசிப்பை வைத்திருந்தார். முதலில் நாதஸ்வரம் மெல்ல இழையும். இருபத்திரண்டாவது செக்கனில் தவில் விழும்.

நான் தவில் விழும் இடத்தில் வெட்டப் போனேன். ராசன் என் கையைப் பிடித்தார்.

“சாமி வீதிவலம் வெளிக்கிடேக்கை வாசிச்சது அண்ணை. துவக்கத்தை வெட்டினால் சரியில்லை.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சாமி காரியத்தில் ஏன் கத்தி வைப்பான்? துவக்கத்திலிருந்தே முப்பது செக்கன் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். தவில் விழுந்ததும் ராசனின் முகம் மலர்ந்தது. “இப்பிடி ஆர் செய்து தருவினம் எண்டு நாலு பேருக்குச் சொல்லும்” என்று அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் வந்து போனை மேசையில் வைத்தார்.

“பேரை வெட்டிப்போட்டினம் அண்ணை.”

நான் கடைப் போனிலிருந்து அவருடைய நம்பருக்கு அடித்தேன். நாதஸ்வரம் மெல்ல எழுந்தது. ராசன் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருபது செக்கனில் அழைப்பு மெசேஜ் பெட்டிக்குப் போய்விட்டது. தவில் விழவே இல்லை. போன் எவ்வளவு நேரம் அடிக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அந்த முதியோர் இல்லத்துக்குப் பஸ் ஏறினேன். பொறுப்பாளர் ஒரு கியூபெக் பெண்மணி. என் பிரெஞ்சு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வேலைக்கு நின்று பொறுக்கியது, ஆனால் மொழியில் நான் கூச்சப்படுகிற ஆளில்லை. காது, கோயில், தவில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: செய்து முடித்ததும் அவருக்கு ஒரு தரம் போன் அடித்துப் பார்த்தீர்களா?

கேள்வியை ராசனுக்குத் தமிழில் சொன்னேன். ராசன் மெதுவாக, “வெட்ட வேண்டாமெண்டு நான்தானே சொன்னனான். பிழை என்னிலை எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றார்.

அதை நான் பிரெஞ்சில் மாற்றவில்லை. “இல்லை அம்மா, நான் அடித்துப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது” என்றேன். அவ்வளவு சின்ன வசனத்தை அதற்கு முன் எந்த மொழியிலும் நான் சொன்னதில்லை.

அவர் பேனையை எடுத்து, பட்டியலின் அடியில் ராசனின் பெயரைத் திரும்ப எழுதினார்.

கடைக்கு வந்ததும் ராசன், “வெட்டுங்கோ அண்ணை, சாமி கோவிக்காது” என்றார். தவிலின் முதல் அடியிலிருந்து வெட்டினேன். அவரைத் தெரு ஓரத்தில் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, அவருடைய போனைக் கடைக்குள் வைத்துவிட்டு அதற்கு அடித்தேன். திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கோப்பு மாறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்ட பிறகுதான் முடியும். ராசனின் பெயர் அடியிலிருந்து மேலே வர ஒரு கோடைகாலம் பிடித்தது. அழைப்பு வராத அத்தனை நாளும் வாரம் ஒரு தரம் கடைக்கு வந்து, என்னை ஒரு சொல் ஏசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.