பார்வைக்கு வைத்த மோட்டார்

மெட்டுகுடாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் மல்லாபூர் போய் மோட்டார் காயில் கட்டக் கற்றேன். வெளிநாட்டு உதவியில் பெண்களுக்காக நடக்கும் பயிற்சி நிலையம். நான் முதல் பேட்ச். கை நன்றாகவே வந்தது.

பிறகு வேலை கேட்டு வைண்டிங் கடை கடையாக ஏறினேன். "லேடீஸ் வத்தம்மா" என்று தெலுங்கில் சொன்னார்கள். வேண்டாமாம். கடைசியில் அந்த நிலையத்திலேயே பெருக்கவும் டீ போடவும் சேர்ந்தேன். ரிஜிஸ்டரில் என் பேருக்கு நேராக 'வேலை கிடைத்தது' என்று இன்சார்ஜ் சார் எழுதினார். பொய் இல்லை.

உதவி பயன்படுகிறதா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வரும். அன்றைக்கு நான் டீ போட மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அரை எச்பி மோட்டார் ஒன்றுக்குக் கம்பி கட்டுவேன். அவர்கள் போனதும் பிரித்துவிடுவேன். அடுத்த வருஷமும் அதே மோட்டார், அதே கம்பி.

போன தடவை வருகைக்கு முதல் நாள் கேட்டேன்.

"சார், பக்கத்துத் தெரு வைண்டிங் கடைக்காரர் உங்களுக்குப் பழக்கம்தானே. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேம்மா. இவங்க வந்து போகட்டும். உன்கூடக் கத்துக்கிட்ட மத்தவங்க எல்லாம் வீட்டோட இருக்காங்க. நீயும் போயிட்டா பெஞ்சில யாரு, நானா உக்காரறது?"

மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் ஏதோ சொன்னார்.

"கரெண்ட் குடுத்து ஓட்டிக் காட்டச் சொல்றாங்கக்கா."

அதுவரை யாரும் கேட்டதில்லை. சார் என் காதருகே குனிந்தார்.

"நக்கோம்மா, வேணாம். வார்னிஷ் காயலைன்னு சொல்லிடு."

ஓட்டினால் புகையும். வார்னிஷ் என்று சொன்னால் அடுத்த வருஷமும் இதே பெஞ்ச்.

"ஓடாது" என்றேன். "பிரிச்சுப் பிரிச்சுக் கட்டின கம்பி. மேல்பூச்சு உரிஞ்சு போச்சு. ஒண்ணோட ஒண்ணு தொட்டா எரியும். இது காட்டறதுக்கு வெச்சிருக்கிற மோட்டார். நான் இங்க டீ போடறவ. எந்தக் கடையும் என்னை எடுக்கல. எல்லாத்தையும் சொல்லுங்க."

அந்தப் பெண் சாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். எதையும் விட்டதாகத் தெரியவில்லை. வெள்ளைக்கார அம்மா எழுதிக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன எழுதினாங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பார்த்ததுமே கோளாறு சொல்றீங்க, பயமில்லாம பேசறீங்க. நல்லாக் கத்துக்கிட்டிருக்கீங்களாம். உங்களை மாதிரி ஆள் இங்கயே இருக்கணுமாம்."

"கடைல எடுக்காதது?"

"அதுக்கு அவங்க ஃபார்ம்ல இடம் இல்லக்கா."

உதவி தொடரும் என்று சில மாதத்தில் கடிதம் வந்தது. சார் கோபப்படவில்லை. புதுக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தார்.

"கடைக்காரர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"எழுத்துலயே வந்திருக்குல்லம்மா, நீ இங்க இருக்கணும்னு. இந்தத் தடவை ஓடற மாதிரி கட்டு."

கட்டினேன். சத்தமில்லாமல் ஓடியது. அடுத்து வரும் ஆட்கள் முன்னால் மறுபடி கட்டுவதற்காக, அதைப் பிரித்து வைக்கச் சொன்னார்.