தைலம் மணத்த நாள்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் மோப்பம். வைத்தவர் அவளுடைய சீனியர். சோடா பாட்டில் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அண்ணன். அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. உள்ளே வருகிற யாரையும், டாக்டராகவே இருந்தாலும், கதவருகே நிறுத்தி மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

பிள்ளை இல்லாதவர்களுக்காக, உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிச் சில நாள் வளர்க்கிற இடம் அது. கருவுக்கு மூக்கு கிடையாது. ஆனால் காற்றில் மிதப்பது எதுவோ அது கரு கிடக்கும் திரவத்திலும் கரையும். அதனால் சென்ட், தலை எண்ணெய், புதுப் பெயின்ட் எதற்கும் அங்கே அனுமதி இல்லை.

அவளுடைய அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. அம்மா சலவைக் கடையில் துணி துவைத்து இஸ்திரி போடுகிறவள்.

"ஊர்த் துணியெல்லாம் கமகமன்னு மடிச்சுக் கொடுக்கிறேன். என் பொண்ணு துணிய மட்டும் வெறுந்தண்ணில அலசுறேன். இதுக்குத்தான் அவ்வளவு படிச்சியாடி?"

"அங்க புள்ளைங்க இருக்கும்மா."

"எங்கடி இருக்கு?"

"கண்ணாடித் தட்டுல."

"தட்டுல புள்ளையா! வெளிய யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். படித்ததை வீட்டில் சொல்ல வாயெடுத்தால் பாதியிலேயே வார்த்தை தீர்ந்துபோகும். நமக்கே சரியாகப் புரியவில்லையோ, அதனால்தான் சொல்ல வரவில்லையோ என்ற சந்தேகம் அவளை விட்டதே இல்லை.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவளுடைய சொந்த அக்கா அதே இடத்துக்கு நோயாளியாக வந்தபோது சந்தேகம் பயமாக மாறியது. முதலில் வயிற்றில் வைத்த கருக்கள் ஒன்றும் தங்கவில்லை. "இதுக்கு மேல முட்டை எடுத்தா உங்க உடம்பு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிரில் உறைய வைத்த ஒரே ஒரு கருதான் மிச்சம். கருக்களைப் படமெடுத்து மதிப்பெண் போடும் கணினி நிரல் ஒன்று அங்கே உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜோசியர். நல்ல மதிப்பெண் வாங்கிய கருக்கள் தங்காமல் போவதும், சுமாரானது தங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கும். ஏன் என்று ஜோசியருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அக்காவின் கடைசிக் கருவுக்கு ஜோசியர் கொடுத்தது சுமாருக்கும் கீழே.

அதை உருக்கி எடுக்கும்போது அது உயிரோடு எழுமா? இரவெல்லாம் அவளுக்கு இதே கேள்விதான். சொந்தக்காரர்களின் கருவைத் தானே தொடக் கூடாது என்பது விதி. உருக்கப்போவது கண்ணாடி அண்ணன். பக்கத்தில் நின்று, தட்டில் எழுதிய பெயரை உரக்கப் படித்துச் சரிபார்க்கும் இரண்டாவது ஆளாக நிற்க மட்டும் அனுமதி வாங்கியிருந்தாள்.

சளி வேறு பிடித்து மூக்கு அடைத்திருந்தது. விடியும் நேரத்தில் கொஞ்சம் அசந்தாள். எழுந்து கிளம்பியபோது கழுத்தெல்லாம் சில்லென்றிருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆய்வகக் கதவருகே கண்ணாடி அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"நில்லு."

"என்னண்ணே?"

"மோப்பம், இன்னிக்கு நீயே மணக்குறே."

"காலங்காத்தால விளையாடாதீங்கண்ணே."

"தைலம்மா. படிக்கட்டுலயே வாசம் வந்துடுச்சு."

சட்டைக் காலரை மூக்கில் வைத்து இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. விரலால் கழுத்தைத் தொட்டாள், பிசுபிசுவென்று ஒட்டியது. தூங்கும்போது அம்மா தடவியிருக்கிறாள்.

"அஞ்சே நிமிஷம், சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துடுறேன்."

"எண்ணெய் வச்சுட்டு வந்த அன்னிக்கு டாக்டரும் அதைத்தான் சொன்னார். நீ என்ன பதில் சொன்னே?"

அவள் தலை குனிந்தாள். "நாளைக்கு வாங்கன்னேன்."

"சொன்னே இல்ல?"

"அண்ணே, அது எங்க அக்காவோடது."

"தெரியும். அதனாலதான் நில்லுங்கறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெயர் படிக்க டாக்டரே வந்து நின்றுகொண்டார். கதவு மூடியது.

காத்திருப்பு அறையில் அக்காவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு திரை. உள்ளே கேமரா எடுப்பது அதில் தெரியும்.

"ஏண்டி வெளிய வந்துட்டே?" என்றாள் அம்மா.

"நீ பூசின தைலம்தான் துரத்திடுச்சு."

"மூச்சு விட முடியாமக் கிடந்தியேன்னு பூசினேன். அம்மாடி, அவ்வளவு ரோஷக்காரப் புள்ளையா அது!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையில் படம் வந்ததும் அடங்கியது.

வட்டமான மெல்லிய ஓட்டுக்குள், ஒரு மூலையில், கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது.

"இதுவா?" என்றாள் அக்கா.

"இதான்க்கா. உறைய வைக்கிறப்போ உள்ள தண்ணி இருந்தா பனிக்கட்டியாகிக் குத்திக் கிழிச்சுடும். அதனால முதல்லயே தண்ணிய உறிஞ்சிடுவோம். இப்ப திரும்ப உள்ள போகணும். போனா விரியும்."

"போகலன்னா?"

சுவரிலிருந்த ஸ்பீக்கரில் கண்ணாடி அண்ணன் குரல் வந்தது. "ஓரத்துல சில செல்லு கறுத்துப் போயிருக்கு. மத்தது எப்படின்னு இப்போ சொல்ல முடியாது. பார்ப்போம்."

உள்ளே இருந்திருந்தால் கருவைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். சுருங்கியதைப் பார்ப்பாள், வேலை முடிந்து வந்து விரிந்ததைப் பார்ப்பாள். நடுவில் நடப்பதை, இத்தனை கருக்களை உருக்கியும், அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொரு படமாக வந்தது. வெகுநேரம் அதே கசங்கல்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மூடவில்லை.

பிறகு கசங்கலின் நடுவே நகக்கீறல் மாதிரி ஒரு வெளிச்சம். அடுத்த படத்தில் அது பிறையானது. அதற்கடுத்து, உள்ளிருந்து யாரோ மெதுவாக முதுகை நிமிர்த்துவது போல, கரு ஓட்டின் விளிம்பை நோக்கி விரிந்தது. கறுத்த செல்கள் உதிர்ந்து ஒதுங்கின. மற்றவை தோளோடு தோள் சேர்ந்து சுவராக நின்றன. உள்ளே ஒரு பக்கமாய்ச் சின்னதாக ஒரு கொத்து. பிழைத்தால் குழந்தையாவது அந்தக் கொத்துதான். சுற்றியிருக்கும் சுவர் அதற்குச் சோறூட்டும் நஞ்சுக்கொடியாகும்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டு, அத்தனை குளிரில் உயிரை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

"உள்ள யாருடி ஊதுறாங்க?" அம்மாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. எப்போது கண்ணைத் திறந்தாளோ.

"யாரும் இல்லம்மா. அந்தச் செல்லுங்க உப்ப உள்ள தள்ளும். உப்பு பின்னாடியே தண்ணி வரும்."

"அதுங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

உப்பைத் தள்ளும் புரதத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறாள். எந்த மரபணுவிலிருந்து அது வருகிறது என்பதும் தெரியும். அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அம்மா கேட்டது அதை அல்ல.

"தெரியலம்மா" என்றாள். சொன்னபோது வெட்கமாக இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

டாக்டர் கதவைத் திறந்தார். "நல்லா எழுந்துடுச்சு. வச்சுடலாம், வாங்க. தங்குமான்னு அதுதான் சொல்லணும்."

அக்கா எழுந்தாள். முகம் என்னமோ போல் கோணியது. அழப்போகிறாள் என்று தெரிந்து இவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள். அக்காவும் ஓரடி எடுத்து வைத்தவள், சட்டென்று பின்வாங்கி, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கிட்ட வராதடி. நீ மணக்குறே."

சொல்லிவிட்டு, வயிற்றை ஒரு கையால் மூடிக்கொண்டு டாக்டர் பின்னால் நடந்தாள்.

அம்மா தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். எழுந்து மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். வாழ்நாளெல்லாம் சோப்பு நுரையில் ஊறிய அந்தக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி, "வாசம் போயிடுச்சா பாரு" என்று நீட்டினாள்.

அடைத்த மூக்கோடு அவள் குனிந்து முகர்ந்தாள்.